கிங்குக்கு முன்பே பர்மிங்ஹாமில் நின்றவர்: போதகர் ஃப்ரெட் ஷட்டில்ஸ்வொர்த்

அமெரிக்க சிவில் உரிமைப் போராட்டம் என்றாலே மார்ட்டின் லூதர் கிங் பெயர்தான் வருகிறது, அவரைத் தவிர வேறு போதகர்கள் யாரும் இருந்தார்களா, அவர்கள் வாழ்க்கை எப்படிப் போனது என்பது கேள்வி. இருந்தார்கள், நிறையப் பேர். ரால்ஃப் அபர்னதி, ஜேம்ஸ் லாசன், சி. டி. விவியன், ஜோசப் லோவரி, வையட் டீ வாக்கர் என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் பெயர்ப் பட்டியலால் யாருக்கும் எதுவும் புரியாது என்பதால் ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அவர் ஃப்ரெட் ஷட்டில்ஸ்வொர்த். 1963இல் பர்மிங்ஹாம் தெருக்களில் போலீஸ் நாய்கள் பாய்வதையும் தீயணைப்புக் குழாய்த் தண்ணீர் பிள்ளைகளைச் சுருட்டி அடிப்பதையும் படங்களில் எல்லோரும் பார்த்திருப்போம். அந்தப் போராட்டத்தை நினைத்தால் கிங் முகம்தான் மனதில் வருகிறது. ஆனால் கிங் அங்கே வந்து சேர்வதற்கு ஏழு வருடம் முன்பிருந்தே அந்த ஊரில் அடி வாங்கி, குண்டு வாங்கி, ஜெயிலுக்குப் போய், ஒரு இயக்கத்தைக் கட்டி நிறுத்தி வைத்திருந்தவர் இவர். அந்த ஏழு வருடம் இல்லையென்றால் 1963 இல்லை என்பது என் உறுதியான கருத்து.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் ஒரு இரும்பு, எஃகு நகரம். 1960இல் சுமார் 3,40,000 பேர், அதில் ஐந்தில் இரண்டு பங்கு கறுப்பின மக்கள். பேருந்து, பள்ளிக்கூடம், பூங்கா, ஹோட்டல், கழிப்பறை, குடிதண்ணீர்க் குழாய் எல்லாமே நிறம் பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்தன. கடையில் துணி வாங்கலாம், போட்டுப் பார்க்கும் அறைக்குள் போக முடியாது. போலீஸும் தீயணைப்புத் துறையும் யூஜின் 'புல்' கானர் என்ற கமிஷனர் கையில். வெள்ளையர் பகுதியை ஒட்டி வீடு வாங்கிய கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளில் அடிக்கடி குண்டு வெடித்ததால் ஒரு குடியிருப்புக்கு 'டைனமைட் மேடு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. போலீஸிலேயே கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி ரகசிய அமைப்பின் ஆட்கள் இருந்தார்கள், யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது?

ஷட்டில்ஸ்வொர்த் 1922 மார்ச் 18இல் அலபாமாவின் மவுண்ட் மெய்க்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். அம்மா பெயர் அல்பர்ட்டா. பிறந்தபோது வைத்த பெயர் ஃப்ரெடி லீ ராபின்சன். ஷட்டில்ஸ்வொர்த் என்பது அம்மா பிறகு மணந்துகொண்டவரின் குடும்பப் பெயர். வளர்ந்தது பர்மிங்ஹாமுக்கு வெளியே ஆக்ஸ்மூர் என்ற பகுதியில், வறுமையில். விவசாயத்தோடு கள்ளச்சாராயம் காய்ச்சியும் ஓடிய குடும்பம் அது. 1940இல் அந்த வழக்கில் இவரும் மாட்டி, இரண்டு வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்கும்படி தண்டனை ஆனது. அதே வருடம்தான் உயர்நிலைப் பள்ளியில் முதல் மாணவராகத் தேறினார். அப்புறம் கல்யாணம், மொபீல் நகரத்தில் விமானப்படைத் தளம் ஒன்றில் லாரி ஓட்டும் வேலை. மெதடிஸ்ட் சபையில் வளர்ந்தவர் அங்கேதான் பாப்டிஸ்ட் ஆனார், பிரசங்கம் செய்ய ஆரம்பித்தார். பிள்ளைகள் பிறந்த பிறகு செல்மாவிலும் மாண்ட்கோமரியிலும் கல்லூரிப் படிப்பை முடித்தார். கிங் போதகர் குடும்பத்தில் பிறந்து பாஸ்டனில் டாக்டர் பட்டம் வாங்கியவர். இவர் வந்த பாதையே வேறு. இந்த வித்தியாசம் பின்னால் முக்கியமாகிறது.

செல்மாவில் முதல் பாப்டிஸ்ட் சபையில் இரண்டு வருடம்போலப் போதகராக இருந்தார். சபையை யார் நடத்துவது என்று டீக்கன்கள் எனப்படும் சபை நிர்வாகிகளோடு முட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஆள் அப்படித்தான், யாருக்கும் அடங்க மாட்டார். 1953இல் பர்மிங்ஹாமின் வடக்கே காலேஜ்வில் பகுதியில், எஃகு ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த பெத்தேல் பாப்டிஸ்ட் சபைக்கு வந்தார். 1955இல் கறுப்பினப் போலீஸ்காரர்களை வேலைக்கு எடுங்கள் என்று போதகர்களிடம் கையெழுத்து வாங்கி நகராட்சியிடம் கொடுத்தார். நகராட்சி கண்டுகொள்ளவில்லை. அந்த ஊரில் முதல் கறுப்பினப் போலீஸ்காரர் வேலைக்குச் சேர்ந்தது 1966இல்தான்.

கதை உண்மையில் தொடங்குவது 1956இல். கறுப்பின மக்களின் உரிமைக்காக நீதிமன்றங்களில் வாதாடி வந்த பழைய சங்கம் என்.ஏ.ஏ.சி.பி. அந்தச் சங்கம் அலபாமாவில் இயங்கவே கூடாது என்று மாநில அட்டர்னி ஜெனரல் ஜான் பேட்டர்சன் நீதிமன்றத்தில் தடை வாங்கிவிட்டார். நேற்றுவரை இருந்த அமைப்பு இன்று சட்டவிரோதம். என்ன செய்வது என்று பலர் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, சரி, பழைய சங்கம் கூடாதென்றால் புதிதாக ஒன்று தொடங்குவோம் என்று ஷட்டில்ஸ்வொர்த் ஜூன் 5ஆம் தேதி சார்டிஸ் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் பொதுக்கூட்டம் அறிவித்தார். கூட்டத்துக்கு முன்னால் மூத்த போதகர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "கூட்டத்தை ரத்து செய்யச் சொல்லி ஆண்டவர் என்னிடம் சொன்னார்" என்றாராம். "எனக்குச் சொல்ல வேண்டியதை ஆண்டவர் எப்போதிலிருந்து உங்கள் மூலமாகச் சொல்லி அனுப்ப ஆரம்பித்தார்? என்னிடம் அவர் கூட்டத்தை நடத்தச் சொல்லியிருக்கிறார்" என்று பதில் சொல்லிவிட்டு இவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அன்று இரவு பிறந்ததுதான் 'மனித உரிமைக்கான அலபாமா கிறிஸ்தவ இயக்கம்'.

இந்த இயக்கம் எப்படி நடந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை, ஆனால் எனக்கு இவர் வாழ்க்கையிலேயே பெரிய விஷயமாகப் படுவது இதுதான். திங்கட்கிழமைதோறும் இரவு கூட்டம். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு தேவாலயம். முதலில் ஜெபம், பாட்டு, பிறகு பிரசங்கம், அதன் பிறகு அந்த வாரம் என்ன செய்யப் போகிறோம் என்ற விவரம், கடைசியில் காணிக்கை. வழக்குச் செலவு, ஜாமீன் பணம் எல்லாம் வீட்டுவேலை செய்யும் பெண்களும் ஆலைத் தொழிலாளிகளும் அந்தக் காணிக்கைத் தட்டில் போட்ட சில்லறையிலிருந்து வந்தது. பின்னால் இயக்கத்துக்கென்றே ஒரு பாடகர் குழுவும் உருவானது. கானர் அனுப்பிய துப்பறியும் போலீஸார் கூட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்து யார் என்ன பேசினார்கள் என்று எழுதிக்கொண்டிருப்பார்கள். பயமுறுத்த வந்த அந்தப் போலீஸ் எழுதிய குறிப்புகள் இன்று பர்மிங்ஹாம் பொது நூலகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அந்தக் கூட்டங்களைப் பற்றி ஆராய்கிறவர்களுக்கு அவைதான் இப்போது முக்கியமான ஆதாரம்.

ஊரில் படித்த, வசதியான கறுப்பினத் தலைவர்கள் பலருக்கு இவரைப் பிடிக்கவில்லை. அவசரக்காரர், பேச்சில் பதவிசு இல்லாதவர், எல்லாவற்றையும் தானே முடிவு செய்கிறவர் என்று குறை சொன்னார்கள். குறை பொய்யில்லை. கமிட்டி போட்டுப் பேசி முடிவெடுக்கும் பழக்கம் அவரிடம் இல்லை. ஆனால் கூடிப் பேசிப் பேசியே காலம் கழிந்த ஊரில் யாராவது ஒருவர் தன் பெயரில், தன் உடம்பைப் பணயம் வைத்து, வழக்கில் வாதியாக நிற்க வேண்டியிருந்தது. அதற்கு முன்வந்தவர் இவர். தான் செய்யாததை அடுத்தவரைச் செய்யச் சொன்னதில்லை.

1956 டிசம்பரில் மாண்ட்கோமரி பேருந்துகளில் நிறப்பாகுபாடு செல்லாது என்ற உச்சநீதிமன்றத் தீர்ப்பு அமலுக்கு வந்தது. அப்படியானால் எங்கள் ஊரிலும் அதே சட்டம்தானே, நகராட்சி மாற்றாவிட்டால் டிசம்பர் 26ஆம் தேதி நாங்களே முன் இருக்கைகளில் உட்காருவோம் என்று ஷட்டில்ஸ்வொர்த் அறிவித்தார். முந்தின நாள் கிறிஸ்துமஸ். அன்று இரவு தேவாலயத்தை ஒட்டியிருந்த குருமனையில் அவர் படுக்கையில் சாய்ந்தபடி சபை டீக்கன் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார், மனைவி ரூபியும் பிள்ளைகளும் வீட்டுக்குள்ளே. படுக்கையறைச் சுவருக்கு வெளியே, சரியாக அவர் கட்டில் இருந்த இடத்துக்குக் கீழே டைனமைட் வெடித்தது. தரை பிளந்தது, சுவர் போனது, கூரை இறங்கியது. கட்டில் இருந்த இடத்தில் ஒன்றும் மிச்சமில்லை. மெத்தையோடு சேர்ந்து விழுந்தவர் தலையில் ஒரு வீக்கத்தோடு இடிபாட்டிலிருந்து எழுந்து நடந்து வந்தார். வீட்டில் இருந்த யாரும் சாகவில்லை. வெளியே அக்கம்பக்கத்து ஜனம் திரண்டு நின்றது, சிலர் கையில் துப்பாக்கி. அங்கே வந்த போலீஸ்காரர் ஒருவர், அவரே க்ளான் ஆள், "நானாக இருந்தால் சீக்கிரமாக ஊரை விட்டுப் போய்விடுவேன்" என்றார். "நீங்கள் நானில்லை. ஆண்டவர் என்னை இதிலிருந்து காப்பாற்றியிருக்கிறார் என்றால் நான் கடைசிவரை இங்கேதான் இருப்பேன் என்று உங்கள் க்ளான் சகோதரர்களிடம் போய்ச் சொல்லுங்கள்" என்பது பதில்.

மறுநாள் காலை என்ன ஆயிற்று என்றால், பேருந்துப் போராட்டம் சொன்னபடி நடந்தது. சுமார் 250 பேர் முன் இருக்கைகளில் உட்கார்ந்தார்கள், 21 பேர் கைது. குண்டில் தப்பிய மனிதரே மறுநாள் முன்னால் போய் நிற்கிறார் என்பதைப் பார்த்த சனங்களுக்கு அதற்குப் பிறகு அவர் மேல் வந்த நம்பிக்கையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அவரும் அந்த இரவுக்குப் பிறகு தனக்குச் சாவு பயம் போய்விட்டது என்றே பிற்காலத்தில் பல முறை சொன்னார். 1957 தொடக்கத்தில் கிங், அபர்னதி முதலானவர்களோடு சேர்ந்து தென்மாநிலக் கிறிஸ்தவத் தலைமை மாநாடு என்ற அமைப்பைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர்.

அடுத்தது பள்ளிக்கூடம். 1957 செப்டம்பர் தொடக்கத்தில் க்ளான் ஆட்கள் எட்வர்ட் ஆரன் என்ற கறுப்பின இளைஞரைச் சாலையிலிருந்து தூக்கிப் போய், எந்த மயக்க மருந்தும் இல்லாமல் அவருடைய ஆண்குறி விதைகளை அறுத்தெறிந்தார்கள். வெள்ளையர் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்க்க நினைத்தால் இதுதான் கதி என்று ஷட்டில்ஸ்வொர்த்திடம் போய்ச் சொல் என்பது அவரிடம் சொல்லி அனுப்பிய செய்தி. இது நடந்து ஒரு வாரம்தான். செப்டம்பர் 9ஆம் தேதி ஷட்டில்ஸ்வொர்த் தன் இரண்டு பெண் பிள்ளைகளையும் இன்னும் இரண்டு மாணவர்களையும் காரில் ஏற்றிக்கொண்டு பிலிப்ஸ் உயர்நிலைப் பள்ளிக்குச் சேர்க்கப் போனார். கூடவே ரூபியும். காரை விட்டு இறங்கியதும் ஒரு கும்பல் சங்கிலி, இரும்புக் கைப்பிடி, பேஸ்பால் மட்டை எல்லாம் கொண்டு அவரைத் தரையில் போட்டு அடித்தது. ரூபிக்கு இடுப்பில் கத்திக்குத்து. மகள் ரூபி ஃப்ரெடெரிக்காவின் கணுக்கால் கார்க் கதவில் நசுங்கியது. எப்படியோ எழுந்து தடுமாறிக் காருக்குள் வந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் பரிசோதித்த டாக்டர், இவ்வளவு அடிக்கும் மண்டை ஓடு உடையவில்லையே, மூளை அதிர்ச்சிகூட இல்லையே என்று ஆச்சரியப்பட, "நான் கடினமான ஊரில் வாழப்போகிறேன் என்று ஆண்டவருக்குத் தெரியும், அதனால்தான் கடினமான மண்டையைக் கொடுத்திருக்கிறார்" என்றார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. அந்தத் துணிச்சலின் விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை, குடும்பமே கொடுத்தது. ரூபி அந்தக் கத்திக்குத்தோடு, அதற்குப் பிறகு இரவெல்லாம் வந்த மிரட்டல் தொலைபேசிகளோடு, ஓயாத பண நெருக்கடியோடு வாழ்ந்தார். 1960 ஆகஸ்டில் மூன்று பிள்ளைகள் டென்னசியில் ஒரு பயிற்சி முகாம் முடிந்து பேருந்தில் திரும்பும்போது பின் இருக்கைக்குப் போக மறுத்ததற்காக கேட்ஸ்டன் என்ற ஊரில் கைது செய்யப்பட்டார்கள். கணவன் மனைவிக்குள் பிணக்கு முற்றி 1970இல் விவாகரத்து ஆனது, அடுத்த வருடமே ரூபி இறந்துவிட்டார். வீரக் கதையாக மட்டும் இதைச் சொல்கிறவர்கள் ரூபியை விட்டுவிடுகிறார்கள், அது நியாயமில்லை.

1958 ஜூனில் மறுபடியும் குண்டு. இந்த முறை தேவாலயத்துக்கு. கிறிஸ்துமஸ் குண்டுக்குப் பிறகு சபையார் முறை வைத்து இரவு முழுக்கக் காவல் இருந்தார்கள். சுவரோரம் புகைந்துகொண்டிருந்த டப்பாவைக் கண்டதும் வில் ஹால் என்ற காவலாளி அதைக் கையால் தூக்கிக்கொண்டு நடுத் தெருவுக்கு ஓடி வைத்துவிட்டுத் திரும்பினார், பிறகுதான் வெடித்தது. கண்ணாடிகள் நொறுங்கின, கட்டிடம் நின்றது. அந்தக் காவல் படையில் இருந்த இன்னொருவர் கர்னல் ஸ்டோன் ஜான்சன். கர்னல் என்பது ராணுவப் பதவி இல்லை, பெயரே அதுதான். அகிம்சை இயக்கத்தின் தலைவர்களை எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று பிற்காலத்தில் கேட்டபோது, "என்னுடைய அகிம்சை .38 துப்பாக்கியால்" என்றாராம். தெருவில் இறங்கும்போது அடிக்கு அடி கிடையாது என்பதில் ஷட்டில்ஸ்வொர்த் கண்டிப்பாக இருந்தார், ஆனால் இரவில் வீட்டுக்கு வெளியே துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தவர்களும் அதே சபையார்தான். தென்மாநிலங்களில் பல இடங்களில் நிலைமை இப்படித்தான் இருந்தது.

1960இல் நியூயார்க் டைம்ஸில் தென்மாநில உரிமைப் போராட்டத்துக்கு நிதி கேட்டு ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. அதில் ஆதரவாளர்கள் என்று போடப்பட்ட பெயர்களில் ஷட்டில்ஸ்வொர்த், அபர்னதி, லோவரி, சீ என்ற நான்கு அலபாமா போதகர்களும் உண்டு. அவர்களிடம் கேட்காமலேயே பெயர்கள் சேர்க்கப்பட்டிருந்தன. விளம்பரம் தன் ஊர்ப் போலீஸைத் தவறாகக் குறை சொல்கிறது என்று மாண்ட்கோமரி கமிஷனர் சல்லிவன் பத்திரிகை மேலும் இந்த நான்கு பேர் மேலும் மானநஷ்ட வழக்குப் போட்டு 5 லட்சம் டாலர் தீர்ப்பு வாங்கினார். பத்திரிகை தாங்கும், ஒரு ஏழைச் சபையின் போதகர் எங்கே போவார்? ஷட்டில்ஸ்வொர்த்தின் காரைப் பறிமுதல் செய்து ஏலத்தில் விற்றார்கள். 1964இல் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. இன்று உலகமெங்கும் பத்திரிகைச் சுதந்திரம் படிக்கிறவர்கள் மேற்கோள் காட்டும் வழக்கு அது.

1961 மே 14, அன்னையர் தினம். பேருந்துகளில் நிறப்பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பரும் வெள்ளையருமாகச் சேர்ந்து பயணம் செய்த விடுதலைப் பயணிகளின் ஒரு பேருந்து ஆனிஸ்டன் அருகே கொளுத்தப்பட்டது. இன்னொரு பேருந்து பர்மிங்ஹாம் நிலையத்துக்குள் வந்தபோது, பதினைந்து நிமிடம் போலீஸ் வராது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட கும்பல் இரும்புக் குழாய்களோடு காத்திருந்தது. ஜேம்ஸ் பெக் என்ற வெள்ளைக்காரப் பயணிக்கு முகத்திலும் தலையிலும் 53 தையல். ரத்தம் வழிய அவர் போய்ச் சேர்ந்தது ஷட்டில்ஸ்வொர்த் வீட்டுக்கு. ஆனிஸ்டன் ஆஸ்பத்திரியில் சிக்கிக்கொண்டவர்களை மீட்க வரிசையாகக் கார்களை அனுப்பியவரும் அவர்தான். ஒரு வாரம் கழித்து மாண்ட்கோமரியில் ஒரு தேவாலயத்தைக் கும்பல் சூழ்ந்துகொண்டு கல்லெறிந்தபோது, உள்ளே கிங்கிடம் போய்ச் சேர வேண்டிய ஜேம்ஸ் ஃபார்மர் என்ற தலைவரைத் தன் பின்னால் வரச் சொல்லிவிட்டு, "வழி விடுங்கள், வழி விடுங்கள்" என்று சொல்லிக்கொண்டே கும்பலுக்கு நடுவே நடந்து போனார். கும்பலும் விலகி வழி விட்டது! ஃபார்மர் இதைக் கடைசிவரை வியப்போடு சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வருடமே குடும்பத்தோடு ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டிக்கு ஒரு பெரிய சபைக்குப் போதகராக மாறினார். ஓடிவிட்டார் என்று சிலர் பேசினார்கள். ஆனால் எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்தும் பர்மிங்ஹாம் இயக்கத்தின் தலைவராக நீடித்தார், வந்து போய்க்கொண்டே இருந்தார்.

இப்போது 1963. கிங் ஜெயிலிலிருந்து எழுதிய புகழ்பெற்ற கடிதத்தை வாசித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், 'வெளியாள் ஏன் வந்தாய்' என்ற கேள்விக்கு அவர் சொல்லும் முதல் பதில், இங்குள்ள எங்கள் கிளை அமைப்பு கூப்பிட்டது, வந்தேன் என்பதுதான். கூப்பிட்ட அமைப்பு ஷட்டில்ஸ்வொர்த்துடையது. பர்மிங்ஹாமை அசைத்தால் நாட்டையே அசைக்கலாம் என்று வற்புறுத்தி அழைத்தவர் அவர். அதே கடிதத்தில் வியாபாரிகள் வாக்குத் தவறியதைப் பற்றியும் கிங் எழுதுகிறார். 1962 செப்டம்பரில் கிங்கின் அமைப்பு பர்மிங்ஹாமில் மாநாடு கூட்டியது. அந்த நேரத்தில் ஆர்ப்பாட்டம் வேண்டாம் என்று கேட்டு, கடைக்காரர்கள் 'வெள்ளையர் மட்டும்' பலகைகளைக் கழற்றினார்கள். மாநாடு முடிந்து எல்லோரும் ஊருக்குப் போனதும் பலகைகள் பழையபடி ஏறின. ஷட்டில்ஸ்வொர்த் இதை மறக்கவேயில்லை.

ஏப்ரல் 3ஆம் தேதி போராட்டம் தொடங்கியது. இயக்கத்தின் செயலாளர் லோலா ஹெண்ட்ரிக்ஸ் சட்டப்படி ஊர்வல அனுமதி கேட்டு நகர மண்டபத்துக்குப் போனார். "அனுமதியா? நகர ஜெயில்வரை உங்களை நானே ஊர்வலமாகக் கொண்டுபோகிறேன்" என்பது மாதிரி கானர் பதில் சொன்னார். இந்த ஒரு வாக்கியம் பின்னால் உச்சநீதிமன்றம்வரை போனது. பெரிய வெள்ளியன்று 52 பேர் தேவாலயத்திலிருந்து இரண்டிரண்டு பேராக நடைபாதையில் நடந்தார்கள். அனுமதியின்றி ஊர்வலம் போனதாக ஷட்டில்ஸ்வொர்த்துக்குக் கடுங்காவல் தண்டனை. 1969இல் உச்சநீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் இஷ்டம் என்று ஒரு சட்டம் சொன்னால் அது செல்லாது என்பது தீர்ப்பின் சாரம். ஆனால் அதே ஊர்வலத்துக்காக நீதிமன்றத் தடையை மீறிய தனி வழக்கில் 1967இலேயே கிங் தரப்பு தோற்று, கிங்கும் மற்றவர்களும் அந்த வருடம் மறுபடி பர்மிங்ஹாம் ஜெயிலுக்குப் போக வேண்டி வந்தது.

மே 2 முதல் பள்ளிப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். சில நாட்களில் 2,000 பேருக்கு மேல் உள்ளே. ஜெயில் நிரம்பி, பொருட்காட்சி மைதானத்தில் அடைக்க வேண்டியதாயிற்று. மே 7ஆம் தேதி பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தின் அருகே பிள்ளைகளைப் பாதுகாப்பாக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்த ஷட்டில்ஸ்வொர்த்தைக் குறிவைத்துத் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். சுவரோடு அடித்து வீழ்த்தியது. ஆம்புலன்ஸில் தூக்கிப் போனார்கள். அதைப் பார்க்கத் தவறிவிட்டேனே, பிண வண்டியில் தூக்கிப் போயிருக்கக்கூடாதா என்று கானர் நிருபர்களிடமே சொன்னார்.

மறுநாள் நடந்தது நான் மிகவும் மதிக்கும் சம்பவம். மருந்து மயக்கம் தீராத நிலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஷட்டில்ஸ்வொர்த்தை ஜான் ட்ரூ என்ற தொழிலதிபரின் வீட்டுக்கு அழைத்தார்கள். கிங் அங்கே இருந்தார், கென்னடி அரசின் நீதித்துறை ஆட்களும் இருந்தார்கள். "ஃப்ரெட், ஆர்ப்பாட்டத்தை நிறுத்த வேண்டியிருக்கிறது" என்றார் கிங். "திரும்பச் சொல்லு மார்ட்டின். யார் முடிவு செய்தது?" ஆர்ப்பாட்டம் நடந்துகொண்டிருக்கும்போது கடைக்காரர்களால் பேச முடியாது என்று விளக்கம். ஷட்டில்ஸ்வொர்த்துக்கு எரிந்துவிட்டது. நீங்கள் வருவீர்கள், சனங்களைக் கிளப்பிவிடுவீர்கள், அப்புறம் கிளம்பிப் போய்விடுவீர்கள், இந்த ஜனத்துக்கு வாக்குக் கொடுத்தவன் நான், இங்கே அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியவனும் நான். இப்போது பெரிய ஆளாக இருக்கிறாய், இதை நிறுத்தினால் ஒன்றுமில்லாமல் போய்விடுவாய். நான் வீட்டுக்குப் போய்ப் படுக்கிறேன், நீ நிறுத்தியதாகக் கேள்விப்பட்டால் இருக்கிற கொஞ்சம் பலத்தோடு எழுந்துவந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரும்பத் தெருவில் இறங்குவேன். சுருக்கமாக அவர் சொன்னது இதுதான், உண்மையில் சொன்ன வார்த்தைகள் இன்னும் காரம். அறையில் இருந்தவர்கள் அவரைச் சமாதானப்படுத்தப் படாத பாடுபட்டார்கள்.

கிங் தவறு செய்தாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாஷிங்டன், வியாபாரிகள், ஜெயிலில் இருந்த பிள்ளைகளின் பெற்றோர் என்று நாலா பக்கமும் அவருக்கு நெருக்கடி. ஆனால் பலகைகள் ஒருமுறை கழற்றப்பட்டுத் திரும்ப ஏறியதைக் கண்ணால் பார்த்தவருக்கு வெறும் வாய் வார்த்தை போதவில்லை. மே 10ஆம் தேதி நிருபர்கள் முன் இரண்டு பேரும் சேர்ந்தே உடன்பாட்டை அறிவித்தார்கள்: 90 நாட்களுக்குள் கடைகளின் உணவு மேசை, கழிப்பறை, துணி போட்டுப் பார்க்கும் அறை எல்லாம் பொதுவாகும், கறுப்பினத்தவருக்குக் கடைகளில் வேலை கிடைக்கும், கைதானவர்கள் வெளியே வருவார்கள். அதன் பிறகு ஷட்டில்ஸ்வொர்த் மயங்கி விழ, மறுபடியும் ஆஸ்பத்திரி. அடுத்த இரவே கிங்கின் தம்பி வீட்டிலும் காஸ்டன் மோட்டலிலும் குண்டு. செப்டம்பர் 15ஆம் தேதி பதினாறாம் தெரு தேவாலயத்தில் வைத்த குண்டில் நான்கு சிறுமிகள் இறந்தார்கள். ஆனாலும் அந்த வசந்தத்தின் அழுத்தத்தில்தான் கென்னடி சிவில் உரிமை மசோதாவைக் கொண்டுவந்தார், 1964 ஜூலையில் அது சட்டமானது.

பிற்காலத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சின்சினாட்டியிலும் சபைக்குள் அதே அதிகாரப் பிரச்சினை; ஆதரவாளர்களோடு பிரிந்து 1966இல் கிரேட்டர் நியூ லைட் என்ற சபையைத் தொடங்கி 2006வரை அங்கே போதகராக இருந்தார். 1988இல் ஏழைக் குடும்பங்கள் சொந்த வீடு வாங்க முன்பணம் கொடுத்து உதவும் ஒரு அறக்கட்டளையைத் தொடங்கினார். 2004இல் கிங்கின் பழைய அமைப்புக்குத் தலைவரானார், உள்ளே நடப்பது பிடிக்காமல் சில மாதங்களில் வெளியேறினார். 2007இல் செல்மா பாலத்தில் நடந்த நினைவு ஊர்வலத்தில் அவருடைய சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனவர்களில் ஒருவர் பராக் ஒபாமா. 2008இல், அவர் எத்தனையோ தடவை கைதான அந்த ஊரிலேயே, பர்மிங்ஹாம் விமான நிலையத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். 2011 அக்டோபர் 5இல் தன் 89ஆவது வயதில் பர்மிங்ஹாமிலேயே இறந்தார்.

இதையெல்லாம் செய்தவர்களுக்குத் தண்டனை கிடைத்ததா என்று அடுத்து கேட்பீர்கள். 1958 தேவாலயக் குண்டுக்காக ஜே. பி. ஸ்டோனர் என்ற இனவெறி வக்கீல் 1980இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. பிலிப்ஸ் பள்ளி வாசலில் அடித்த கும்பலில் இருந்த பாபி ஃப்ராங்க் செர்ரி என்பவர், நான்கு சிறுமிகளைக் கொன்ற குண்டுவெடிப்பு வழக்கில் 2002இல் ஆயுள் தண்டனை பெற்றார். அந்த வழக்கில் பள்ளி வாசல் படச்சுருளையும் போட்டுக் காட்டினார்கள். 1956 கிறிஸ்துமஸ் இரவு குருமனையில் குண்டு வைத்ததற்காக மட்டும் கடைசிவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.